மூடிய கதவுகளுக்குள் உண்மையைத் தேடியவர்கள்

துப்பறியும் கதை என்றால் நம் இல்லங்களில் சிறியவரும் பெரியவரும் ஆவலோடு படிப்பர். அக்கதைகளில் துப்பறிபவர் பெரும்பாலும் ஆடவரே. ஆனால், விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்திலேயே (1837-1901) பெண்ணொருத்தி இத்தொழிலில் சிறந்து விளங்கினார்.

1856-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஆலன் பிங்கர்டன் நடத்திவந்த தனியார் துப்பறியும் நிலையத்திற்குக் கேட் வார்ன் என்ற இளம் விதவை வேலை தேடி வந்தார். அவர் கேட்டது துப்பறியும் வேலை. ஆடவரிடம் சொல்லாததைப் பெண்கள் ஒரு பெண்ணிடம் சொல்வர் என்பதே அவரது வாதம். பிங்கர்டன் இணங்கினார். 1861 பிப்ரவரியில், பதவியேற்கச் சென்ற ஆபிரகாம் லிங்கனைப் பால்டிமோரில் கொல்லச் சதி நடப்பதாக அந்நிலையத்தார் அறிந்தனர். லிங்கனை நோயுற்ற தம் சகோதரர் எனக் கூறி, இரவு ரயிலில் படுக்கை இடம் பெற்று, அவர் அந்நகரைப் பத்திரமாகக் கடக்க உதவியவர் கேட் வார்ன்.

நம் நாட்டிலும், துப்பறிவாளர் என்ற பெயரின்றி, இதனையொத்த பணியை ஆற்றினார் ஒருவர். அவர் 1866-இல் நாசிக்கில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கொர்னேலியா சொராப்ஜி. 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண்மணி அவரே. ஆயினும் பெண் என்பதால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலவில்லை.

அக்காலத்தில் கோஷா முறையில் வாழ்ந்த ஜமீன் விதவையர் அந்நிய ஆடவர் முன் வருவதில்லை. அவர்களுக்காகக் காரியஸ்தரே பேசினார். அவர் நேர்மையற்றவரானால், சொத்து கரைவதை அறியவும் வழியில்லை. அறிந்தாலும் முறையிட வழியில்லை. 1904-இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அலுவலில் நியமிக்கப்பட்ட கொர்னேலியா, அந்தப்புரங்களுக்குள் சென்று அப்பெண்களின் வாய்மொழியை நேரில் கேட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அவரால் பயனடைந்தனர். பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டம் 1923-இல்தான் வந்தது.

இன்று நிலைமை வேறு. இராஜபாளையத்துப் பெண் ஒருவர் திருவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தை நாடினால், அவருக்காக வாதாடப் பெண் வழக்கறிஞர்கள் உண்டு. அங்கே மகளிர் நீதிமன்றமும் உண்டு. ஆயினும் வாயில்வரை வந்த நீதி வீட்டிற்குள் நுழைந்துவிட்டதா? உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இதனை அறியாமலே, "அண்ணன் சொன்னார்" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் சகோதரியர் நம்மிடையே இல்லையா?

பெற்றோரே, எந்தப் பத்திரத்தையும் முழுதும் படித்துப் பொருள் அறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும் என்று உங்கள் பெண்மக்களுக்குக் கற்பியுங்கள். அவர்கள் பேச விரும்பும்போது பொறுமையோடு செவிகொடுங்கள். நம் வீட்டு உண்மையை அறிய வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டிய நிலை ஏற்படலாகாது.