பட்டறையில் பிறந்த தோட்டா

1930களில் அமெரிக்காவின் கிழக்கு மாநில விவசாயிகளுக்கு வுட்சக் பெரும் தொல்லை. அணில் இனத்தைச் சேர்ந்த இந்தத் தடித்த பிராணி பயிரைத் தின்னும், மேய்ச்சல் நிலமெங்கும் வளை தோண்டும். இருநூறு முந்நூறு கெஜத்துக்கு அப்பால் தலையை மட்டும் நீட்டும் அதைச் சுட, கடைத் தோட்டாக்கள் பலருக்குத் திருப்தி தரவில்லை. தாங்களே செய்துகொண்டார்கள். எந்த ஆலையும் தயாரிக்காத அந்தத் தோட்டாக்களுக்கு வைல்ட்கேட் என்று பெயர்.

1915இல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் எண்ணெய் தடவி எஃகு அச்சுக்குள் அழுத்தினால், கழுத்து .22 அங்குல அளவுக்குச் சுருங்கும். எண்ணெய் கூடினால் கூட்டின் தோளில் குழி விழும். குறைந்தால் கூடு அச்சிலேயே இறுகிவிடும். கைப்பக்குவம்தான் எல்லாம். ஒகாயோவின் ஜெர்ரி கெபி 1937 வாக்கில் இதைச் செம்மைப்படுத்தி, 'வார்மின்டர்' என்று பெயரிட்டார். ரெமிங்டன் நிறுவனம் அதை .22-250 என்று ஆலைத் தோட்டாவாக ஏற்றது 1965இல்தான். அதுவரை அதை வாழவைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே சேர வேண்டும்.

இன்று ஆலைகள் விட்டுவைத்த அந்த இடைவெளி இல்லை. .17 எச்.எம்.ஆர் 2002இலும், .204 ரூகர் 2004இலும் நேராக ஆலையிலிருந்தே வந்தன. பி.ஓ. ஆக்லி போன்ற பட்டறைக்காரர்கள் .22 ஹார்னெட் தோட்டாவின் கூட்டை .17க்குச் சுருக்கிப் பல பத்தாண்டுகள் கழித்து, 2012இல் ஹார்னடி நிறுவனம் .17 ஹார்னெட்டைப் பெட்டியில் அடைத்து விற்றது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலமும் போயிற்று. லேசர் கருவி சொல்லிவிடுகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. நான்கு கிராம்கூடத் தேறாத ஈயக் குண்டு, அசுர வேகத்தில் பட்டதும் பொடியாகிவிடும். தரையில் பட்டுத் தெறித்துப் பக்கத்து மாட்டின் மேல் பாயாது என்பதால் அன்று அதைக் கொண்டாடினார்கள். அதே பொடி செத்த பிராணியின் உடலில் தங்கி, அதைத் தின்னும் கழுகுக்கும் பருந்துக்கும் நஞ்சாகிறது. 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. இந்தத் தடை சரியானதே.

ஆனால் ஈயத்துக்குப் பதிலாக வரும் செம்பு அதைவிட இலேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வரிபோட்ட பழைய .22-250 குழல்கள் அதற்குப் போதாது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும்படி புதுக் குழல் மாட்டும் வேலை பட்டறைகளில் இப்போது நடக்கிறது.