பயணத்தில் பயிலும் பாடம்

கோடை விடுமுறையில் நம் பங்குக் குடும்பங்கள் பல சென்னைக்குச் செல்கின்றன. சாந்தோமில் திருத்தூதர் தோமையாரின் கல்லறையருகே மன்றாடி, பரங்கிமலைப் படிகளில் ஏறி, கடற்கரையையும் காண வேண்டுமென்பது ஆவல். ஆனால் பேருந்தில் நெரிசல். விடுதியில் தண்ணீர் இல்லை. பிள்ளைகளோ பசியால் அழுகின்றனர். கணவர் மனைவியைக் கடிந்துகொள்கிறார். மனைவி பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறார். "ஏன்தான் வந்தோமோ!" என்ற சலிப்பே மிஞ்சுகிறது.

அன்பர்களே! திருக்குடும்பமும் மாநகருக்குப் பயணம் செய்ததன்றோ? பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்புகையில், 12 வயதுச் சிறுவன் இயேசுவைக் காணவில்லை. ஒரு நாள் வழி நடந்த பின்னரே பெற்றோர் அதனை உணர்ந்தனர், உறவினரிடையே தேடினர், வந்த வழியே திரும்பினர். மூன்று நாட்களுக்குப்பின் கோவிலில் மகனைக் கண்ட அன்னை, தம் வேதனையை மறைக்கவில்லை. எனினும் சூசையப்பர்மீது பழி சுமத்தவுமில்லை. இருவரும் சேர்ந்தே தேடியதாகக் கூறினார்.

இந்நிகழ்ச்சியை அன்னையின் 7 வியாகுலங்களுள் மூன்றாவதாகத் தியானிக்கிறோம். செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளுள் ஐந்தாவதாகவும் தியானிக்கிறோம். துயரம் தந்த பயணமே மகிழ்ச்சியுமாயிற்று. ஏனெனில் இருவரும் பிரியாது இயேசுவைத் தேடினர்.

பேருந்து தவறிவிட்டதா? பழி கூறுவதை விடுத்து, காத்திருக்கும் வேளையில் குடும்பமாய் ஒரு பத்து மணி செபிப்போம். தேடுவோர்க்கு ஆண்டவர் தொலைவில் இல்லை.