நெளியும் கோடும், தெறிக்கும் ஜல்லியும், போர்டே இல்லாத உளுந்தும்

செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தோம். சாலையோரம் சிவப்பு முக்கோணம். உள்ளே ஒரு கார், அதன் பின்னால் பாம்பு மாதிரி நெளியும் இரண்டு கோடுகள். பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "வளைவு அதிகம்போல, பாத்துப் போப்பா" என்றார்.

நிறையப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். வளைவுக்கான போர்டில் காரே இருக்காது, வளைந்த அம்புக்குறி மட்டும்தான். இந்த நெளிகோடு சாலையின் வடிவம் இல்லை. பிடி இழந்த டயரின் தடம். அதாவது, முன்னால் வழுக்கும்.

எப்போது வழுக்கும்? கொட்டுகிற மழையில் என்று நினைப்போம். அதைவிட மோசம், பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல். சாலையில் படிந்த ஆயிலும் புழுதியும் தண்ணீரில் குழைந்து வழவழப்பான படலமாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

இன்னொரு போர்டில் கார் சக்கரத்திலிருந்து கற்கள் தெறிக்கும். முன்வண்டியை ஒட்டிப் போகாதே என்பது அதில் பாதி அர்த்தம்தான். மீதிப் பாதி டயருக்கு அடியில் இருக்கிறது. டயர் கல்லைப் பிடிக்கும், ஆனால் கல் சாலையைப் பிடிக்காது, உருளும். காராக இருந்தால் கொஞ்சம் சறுக்கி நிற்கும். பைக்கில் முன்சக்கரம் சறுக்கினால் ஆளே கீழேதான். இரண்டு போர்டிலும் காரைப் போட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வேகத்தை ஜல்லிக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், ஜல்லிமேல் போய் பிரேக்கை அழுத்தக் கூடாது. வேகம் 60-லிருந்து 30 ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் பாதியாக இல்லை, கால்வாசியாகக் குறையும்.

நம் சாலைப் பலகைகளுக்கான விதிப் புத்தகம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 67. எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றுக்கு அதில் படம் கிடையாது. அறுவடைக் காலத்தில் உளுந்து, கொள்ளுச் செடிகளைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும். களம் இல்லாத ஊரில் விவசாயி வேறென்ன செய்வார்? ஆனால் உருண்டை உளுந்து, ஜல்லியைவிட நன்றாக உருளும். காய்ந்த செடியோ வைக்கோல் மாதிரி வழுக்கும், சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். ராத்திரியில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைப்பார்கள். கருப்பு ரோட்டில் கருப்புத் தார்ப்பாய்!

சித்தப்பாவும் ஒரு காலத்தில் ரோட்டில் காயப்போட்டவர்தான். இதைச் சொன்னதும், "அதான் கல்லு வைக்கிறோமே, அதுதான்டா போர்டு" என்றார்.

"கல்லுக்குச் சுண்ணாம்பாவது அடிச்சீங்களா சித்தப்பா? ராத்திரி தெரியுமே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது தோணல" என்றார்.