ரெண்டு பவுன் ஈயம்

பழைய வெப்லி ரிவால்வரின் .455 தோட்டாவில் மூக்காக உட்கார்ந்திருக்கும் ஈயக் குண்டு மட்டும் 265 கிரெய்ன். நம் கணக்கில் 17 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பெண்ணுக்குப் போடுகிற ரெண்டு பவுன் சங்கிலியின் எடைக்கு மேல் இன்னும் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இந்தியாவில் சாதாரண ஆள் உரிமம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் .32 ரிவால்வரின் குண்டு 98 கிரெய்ன், சுமார் ஆறேகால் கிராம். முக்கால் பவுன் மோதிரம்.

ரெண்டு பவுனிலிருந்து முக்கால் பவுனுக்கு இறங்கி வந்த கதையைக் கேட்டால் துப்பாக்கிப் பிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்விதான் பிடித்திருக்கிறது. குழலுக்குள் என்ன போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

நம் மானாம்பதியில் ரிவால்வர் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி நான் கதை கட்டப்போவதில்லை. உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற வழியில், ஏரியும் நெல்லுமாக இருக்கும் ஊர் அது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. அன்றைய சிப்பாய்க்குத் தோட்டா என்பது காகிதப் பொட்டலம். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டிக்க வேண்டும். எது நல்ல தோட்டா என்று அவனை யாரும் கேட்கவில்லை. பையில் இருந்ததைக் கடித்தான்.

தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்மையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கிக்காரரிடம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் துப்பாக்கி என்று சொன்னால் நினைவுக்கு வருவது தோளில் நீளக் குழலோடு ஏரிக்கரையில் நடந்த நரிக்குறவர்தான். காடையும் கௌதாரியும் கையில் தொங்கும். அவர் இடுப்புப் பைக்குள் மருந்து, ரவை, கேப்பு எல்லாம் தனித்தனி. பறவைக்குப் பொடி ரவை. பெரிய உருப்படிக்குப் பெரிய ரவை, சிலபேர் சைக்கிள் பால்ரஸ். எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை என்பதற்குக் கைதான் தராசு. கொஞ்சம் கூடினால் குழல் வெடிக்கும், விரல் போகும். தவறுக்கான விலையைத் தன் உடம்பிலேயே கொடுத்துவிடுகிற தொழில்.

வசதியான வீடுகளில் பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கி இருந்தது. அதற்கும் ஒரு பாஷை உண்டு: எல்.ஜி., எஸ்.ஜி., பி.பி., நாலாம் நம்பர், ஆறாம் நம்பர். நம்பர் ஏற ஏற ரவை சிறுத்துக்கொண்டே போகும். எல்.ஜி. தோட்டாவுக்குள் பெரிய குண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், பன்றிக்கு அது. ஆறாம் நம்பர் கொக்குக்கும் நாரைக்கும். கடைக்காரர் கேட்பார், வாங்குபவர் சொல்வார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேள்வி பதிலின் பெரும்பகுதி அர்த்தமிழந்தது. சொல்லப்போனால் பறவை விஷயத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் சட்டத்துக்கு முன்னோடிகள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்.

இனி ரிவால்வர். 1887-இல் வெப்லியைப் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்டது. அதன் குண்டு பெரிது, ஆனால் மெதுவானது. நொடிக்கு ஏறக்குறைய 180 மீட்டர். வேகத்தால் அல்ல, கனத்தால் ஆளை நிறுத்தும் என்பது கணக்கு. அந்த நம்பிக்கையும் போதாமல் 1898-இல் மூன்றாம் மார்க் என்று ஒரு குண்டு செய்தார்கள். முனையில் குழி, உடம்பில் பட்டதும் காளான் போல விரியும். ‘ஆள் நிறுத்தி’ என்ற பொருள்பட அதற்குப் பட்டப்பெயரே இருந்தது. அதே வருடங்களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் ரைபிளுக்கும் விரியும் குண்டு தயாரானது. ஊர்ப் பெயர் குண்டுக்கு ஒட்டிக்கொண்டு, உலகத்து அகராதிகளில் எல்லாம் ஏறிவிட்டது.

1899-இல் ஹேக் நகரத்தில் நாடுகள் கூடி, போரில் விரியும் குண்டு கூடாது என்று பிரகடனம் செய்தன. ஆங்கிலேயப் பிரதிநிதி ஜான் அர்டாக் அங்கே வைத்த வாதத்தைப் படித்தால் இன்றைக்கும் வயிறு எரியும். நாகரிகம் அடைந்தவன் குண்டு பட்டால் பின்வாங்கிவிடுவானாம்; மற்றவன் நிற்காமல் ஓடி வருவானாம்; ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டுமாம். அந்த ‘மற்றவன்’ யார் என்று சொல்லத் தேவையில்லை. வாதம் எடுபடவில்லை. மூன்றாம் மார்க் படையிலிருந்து போயிற்று. பழையபடி உருண்டை மூக்கு ஈயம் வந்தது. பிரிட்டன் பிரகடனத்தில் சேர்ந்தது 1907-இல்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. போரில் கூடாது என்று விலக்கிய அதே வகைக் குண்டைத்தான் இன்று பல நாட்டுப் போலீஸ் விரும்பி ஏந்துகிறது. உறை போட்ட கெட்டிக் குண்டு ஆளைத் துளைத்து வெளியே வந்து பின்னால் நிற்பவரையும் பதம் பார்க்கும். விரிகிற குண்டு உள்ளேயே நின்றுவிடும். தெருவில் சுடுகிறவன் அடுத்த வீட்டையும் யோசிக்க வேண்டும் அல்லவா? நம் ஊர்த் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்குபோடுகிற தெருவில், தற்காப்புக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வி முதலில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய கேள்வி.

இந்தியருக்கோ கேள்வியே வேறு. 1878 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. உரிமம் பெற்ற ஜமீன்தாரும் பெரிய வக்கீலும் பர்மிங்ஹாம் கைனாக் கம்பெனித் தோட்டாவை வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு ஒரு விஷயத்தில் விழிப்பாக இருந்தது. படை வைத்திருக்கும் துப்பாக்கியின் தோட்டா வெளியே போய்க் கலகக்காரர் கையில் ஏறிவிடக் கூடாது. அதனால் 1907-இல் .450 அளவு வேட்டை ரைபிள்கள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? நூலிழை வித்தியாசத்தில் .465 என்றும் .470 என்றும் .475 என்றும் புதுத் தோட்டாக்களைச் செய்து அதே ராஜாக்களுக்கு விற்றன. யானை வேட்டைக்காரர்கள் இன்றும் கொண்டாடும் .470, ஒரு இந்தியச் சட்டத்தின் பேரப்பிள்ளை.

வெள்ளைக்காரன் போனான், அந்தப் பயம் மட்டும் போகவில்லை. 1959 ஆயுதச் சட்டம் 1962-இல் அமலுக்கு வந்தது. படையும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தக் குழலில் ஏறுமோ அது தடைசெய்யப்பட்ட அளவு. .38, .455, 9 மி.மீ., .303 எல்லாம் அந்தப் பக்கம் போயின. ரெண்டு பவுன் ஈயம் சாமானியனுக்கு இல்லை என்று ஆனது. மிச்சமிருந்ததில் முக்கியமானது .32. அதையும் அரசுத் தொழிற்சாலையே கான்பூரில் செய்தது. தோட்டா புனேக்குப் பக்கத்துக் கட்கியில். 1980-களின் நடுவில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. .357 மேக்னம் போன்ற கனமான வகை சட்டப்படி கூடும், ஆனால் தோட்டாவைத் தேடிப் பிடிப்பதற்குள் சொத்து கரைந்துவிடும். அதன் குண்டு .32-ஐப் போல நாலு மடங்குக்கு மேல் சக்தியோடு பாயும் என்று படித்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஆக, எல்லாருக்கும் ஒரே மாதிரித் தோட்டா. தோட்டாவின் பின்புறத்தில் கே.எஃப். என்று பொறித்திருக்கும். கடையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: .32 ரிவால்வர் தோட்டா நீளமானது, விளிம்பு வெளியே நிற்கும்; .32 பிஸ்டல் தோட்டா குட்டையானது. பேர் ஒன்று, ஆள் வேறு. மாற்றி வாங்கினால் காசு வீண். தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு சின்ன உறவும் சொல்லலாம். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் 1903 முதல் கார்டைட் ஆலை ஓடுகிறது. குண்டைத் தள்ளும் மருந்து செய்வதே அதன் தொழில். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, அருவங்காடும் கட்கியும் ஒரே கம்பெனிக்குள் வந்தன.

2014-இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் கான்பூரிலிருந்து வந்தது. எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஸ்கூட்டர் இருக்கை அடியில் மிளகாய்ப்பொடி வைத்துக்கொள்கிற பெண்ணிடம் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள்.

இன்று மானாம்பதிக்காரர் ஒருவர் ரிவால்வர் வேண்டும் என்று நினைத்தால் காஞ்சிபுரத்துக்குத்தான் போக வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், பூட்டி வைக்க இடம், உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்ற விளக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருஷம். ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டானது. உரிமப் புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா, வருஷத்துக்கு எத்தனை. எந்தத் தோட்டா என்று மூளையைக் கசக்கிய காலம் போய், எத்தனை தோட்டா என்று எண்ணும் காலம்.

திருடன் வந்தால் சுடலாமா என்பது அடுத்த கேள்வி. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்புப் பிரிவுகள். சூரியன் அஸ்தமித்த பிறகு பூட்டை உடைத்து வீடு புகுபவன் விஷயத்தில் அந்த உரிமை உயிரெடுக்கும் எல்லைவரைகூடப் போகலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தத் ‘தேவை’யைப் பிறகு சாவகாசமாக அளப்பவர்கள் இருட்டில் நின்றவர்கள் அல்ல.

ஊரோ இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முன்பு தலையாரியின் தடியும் குரலும் காவல். இப்போது முனைக்கு முனை கேமரா, கையில் போன், வாசலில் நாய். காட்டுப்பன்றி நிலத்தில் இறங்கினால்தான் யாராவது பழைய குழலை நினைத்துக்கொள்கிறார்கள். குழலுக்குப் பதில், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைக்கிற முட்டாள்தனம் தமிழ்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கிறது, யானை கடிக்கிறது.

குழலைத் தோளில் போட்டு நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று பேருந்து நிலையத்தில் ஊசியும் பாசிமணியும் விற்கிறார்கள். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒரு காட்சி. உரிமக்காரர்கள் துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள். ஏட்டய்யா நம்பரைப் பார்த்து ரசீது எழுதுவார். ஓட்டு எண்ணி முடிகிறவரை வீட்டுக்குக் காவல் வாசலில் படுத்திருக்கும் நாய்தான். ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும் வழியில் அதற்கு ஒரு பொறை பாக்கெட் வாங்கிக்கொண்டால் போதும்.