வெட்ட வெட்டத் தழைக்கும் கூடை

கூடை என்றால் நம்ம ஊர்ல மூங்கிலும் பனையோலையும்தான். வடக்கே குடியேறிய நம் வீடுகளிலோ காஷ்மீரிலிருந்து வாங்கி வந்த பழக்கூடை ஒன்று கட்டாயம் இருக்கும். பலரும் அதைப் "பிரம்புக் கூடை" என்கிறோம். அது பிரம்பே அல்ல. பிரம்பு வெப்பக் காடுகளில் படரும் கொடி. இதுவோ குளிர்நாட்டு வில்லோ மரத்தின் விளார். காஷ்மீரியில் 'வீர்' என்பார்கள்.

கரும்பை வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புகிறதல்லவா? இங்கும் அதே சங்கதிதான். கந்தர்பல் பக்கத்து ஈர நிலங்களில் இலையுதிர் காலத்தில் அடிக்கட்டையை விட்டுவிட்டு விளார்களை அறுத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் புதுத் தளிர்கள் கூட்டமாகக் கிளம்பும். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் வளர்ச்சி வேகம். நெருக்கமாக நிற்பதால் வெளிச்சம் தேடி, கிளை விடாமல் நேராக உயரும். ஒரே வருடத்து விளார் என்பதால் ஒடியாமல் வளையும்.

அறுத்த கட்டுகளைப் பெரிய கொப்பரைகளில் வேகவைத்தால் பட்டை இளகி, எளிதாக உரிந்து வரும். பட்டையின் துவர்ச்சத்து இறங்குவதால்தான் அந்த இளஞ்சிவப்புப் பழுப்பு நிறம். சாயம் ஏதும் பூசுவதில்லை. பிறகு வெயிலில் காயவைத்து, கனம் பார்த்துப் பிரித்து, பின்னும் முன் மறுபடி தண்ணீரில் ஊறவைப்பார்கள்.

இந்தப் பின்னலின் பெயர்பெற்ற பிள்ளை காங்ரி: விளார்க் கூட்டுக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தணல். டிசம்பர் 21 முதல் 40 நாள் நீளும் 'சில்லை கலான்' கடுங்குளிரில், ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் இதை வைத்துக்கொண்டே நடமாடுவார்கள். சரார்-ஏ-ஷெரீப் காங்ரிக்குத் தனி மதிப்பு.

வேலைப்பாட்டைப் புகழும்போது கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தோலருகே சூடு படுவதால் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதை, ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-லேயே எழுதியிருக்கிறார். மூடிய அறையில் கரித்தணலோடு தூங்கினால் நச்சுவாயு உயிருக்கே உலை வைக்கும். இது காங்ரிக்கு மட்டுமல்ல, குளிர்காலத்தில் நம் வீடுகளில் வைக்கும் கரியடுப்புக்கும் பொருந்தும். குழந்தைகள் உள்ள வீடுகளில் கவனமாக இருங்கள்.

இன்று மின்போர்வையும் பிளாஸ்டிக் கூடையும் வந்துவிட்டன. இதில் கைவினைஞரோடு மரமும் சேர்ந்தே அடிபடுகிறது என்பதுதான் எனக்குப் படுகிறது. கூடை விற்றால்தான் கட்டையை வருஷந்தோறும் அறுப்பார்கள். அறுக்காமல் விட்ட விளார் தடித்துக் கிளைவிட்டுப் போகும். பிறகு அது விறகுக்குத்தான் ஆகும். நட்டு, அறுத்து, வேகவைத்து, உரித்துப் பின்னும் அத்தனை கைகளுக்கும் அதோடு வேலை போய்விடும்.

அடுத்தமுறை காஷ்மீர் போனால் ரொட்டிக்கூடை ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் விளிம்பை அழுத்திப் பாருங்கள். பின்னல் நெகிழாமல், விளார் முனை கையில் குத்தாமல் இருந்தால் நல்ல வேலை. ஈரம் பட்டால் உடனே உலர்த்திவிடுங்க, பூசணம் பிடிக்காது, வருஷக்கணக்கில் உழைக்கும்.