பால்மரம் சாய்க்கும் முறை

மலேசியத் தோட்டப்புறத் தமிழில் "மரம் வெட்டுதல்" என்பதற்கு இரு பொருள் உண்டு. உளியால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதும் மரம் வெட்டுதலே; பயன் தீர்ந்த மரத்தை அடியோடு அறுத்து வீழ்த்துவதும் மரம் வெட்டுதலே. முன்னது பழகிய கையின் நுட்பத்தால் நடப்பது. பின்னதில் நுட்பம் தவறின் போவது மரமன்று, மனித உயிர்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், கோலப்பிலா முதலிய வட்டாரங்கள் நெடுங்காலம் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பேர்பெற்றவை. நட்ட ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால்வளம் குன்றும். அப்போது அதனை அகற்றி மறுநடவு செய்தல் வேண்டும். 1952-ஆம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் வந்தபின் இவ்வேலை பெருகியது. அக்காலத்தில் சோடியம் ஆர்சனைட்டு என்னும் நஞ்சைப் பூசி மரத்தை நின்றவாறே பட்டுப்போகச் செய்வதும் உண்டு. பின்னர் ரப்பர்ப் பலகை மேசை, நாற்காலி செய்ய ஏற்றதெனத் தெளிவாகவே, விறகாக எரிந்த மரம் விலைப்பொருளாயிற்று. ஆயின் அறுத்த மரத்தைச் சில நாட்களுக்குள் ஆலையில் சேர்த்துப் பதப்படுத்தாவிடில் பூஞ்சணமும் வண்டும் பற்றிக் கெடுக்கும். இந்த அவசரமே விபத்துக்கு ஒரு வாயிலாகிறது.

பால்மரம் காட்டுமரம்போல் பருத்ததன்று. ஆயினும் எளியதென எண்ணலாகாது. அதன் கிளைகள் எளிதில் முறிவன. வரிசையாக நட்டிருப்பதால் அண்டை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வெண்வேர் நோய் கண்ட மரமோ மேலே தழைத்திருக்க, வேர் உளுத்திருக்கும். இத்தகைய மரம் எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத திசையில் சாயும்.

ஆதலின் வாளைத் தொடுமுன் மரத்தை நோக்குதல் முதற்கடமையாகும். மரம் எப்பக்கம் சாய்ந்துள்ளது, கிளைப்பாரம் எப்பக்கம், காற்று எத்திசை, தலைக்குமேல் காய்ந்த கொம்பு தொங்குகிறதா என்பவற்றை ஆராய வேண்டும். அடியிலுள்ள புதரை நீக்கி, மரம் விழும் திசைக்கு எதிராக, பின்புறம் சாய்வாக ஒதுங்கும் வழியை முன்கூட்டியே துப்புரவாக்க வேண்டும். மேட்டுச் சரிவாயின் அறுப்பவர் மேற்புறம் நிற்பதே நலம். விழுந்த மரம் கீழ்நோக்கி உருளும். பிறர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவில் விலகி நிற்றல் வேண்டும். மரம் 25 மீட்டராயின் தொலைவு 50 மீட்டர்.

அறுத்தலில் மூன்று உறுப்புகள் உள. முதலாவது முன்வெட்டு. விழவேண்டிய பக்கத்தில், அடிமரக் குறுக்களவில் நான்கிலொரு பங்கு ஆழத்திற்கு, ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுப்பது இது. இரண்டாவது பின்வெட்டு. எதிர்ப்பக்கத்தில், முன்வெட்டின் அடித்தளத்தைவிட 2.5 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் கிடையாக அறுப்பது. மூன்றாவது கீல். இரு வெட்டுகளுக்கும் இடையே அறுக்காமல் விடும் பட்டையே கீல் எனப்படும்; அது குறுக்களவில் பத்திலொரு பங்கு இருத்தல் வேண்டும். குறுக்களவு 40 சென்டிமீட்டர் எனில் முன்வெட்டு 10, கீல் 4, பின்வெட்டு 26 சென்டிமீட்டர்.

கதவைக் கீல் தாங்கித் திருப்புவதுபோல இப்பட்டை மரத்தை அடிக்கட்டையோடு பிடித்து, குறித்த திசையில் இறக்குகிறது. அதனை முற்றும் அறுத்துவிட்டால் மரத்திற்குக் கடிவாளம் இல்லை. வாள் இறுகாதிருக்கப் பின்வெட்டில் ஆப்பு அடிப்பதும் வழக்கம். மிகச் சாய்ந்த மரத்தில் பின்வெட்டு முடியுமுன்னே தண்டு நெடுக்காகப் பிளந்து மேலெழும்பி அறுப்பவரைத் தாக்கக்கூடும். அதனை அனுபவம் மிக்கவரிடமே விட வேண்டும்.

தொழிலாளர் "செயின்சா" என்று வழங்கும் சங்கிலி வாள் கோடாரியின் உழைப்பைக் குறைத்தது, ஆபத்தைக் குறைக்கவில்லை. ஓடும் அலகின் நுனியின் மேற்பாதி கட்டையில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் வாள் எகிறி அறுப்பவர் முகத்தை நோக்கி வரும். ஆகையால் இரு கைகளாலும், பெருவிரல் கைப்பிடியைச் சுற்றிவரப் பிடித்தல் வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுத்தல் கூடாது. வாளைத் தரையில் ஊன்றியே இயக்குதலும், சூடான பொறியில் எண்ணெய் ஊற்றாமையும் நன்று. மரத்துணுக்குக்கு மாறாக மாவு உதிர்ந்தால் பல் மழுங்கிற்று என்பது குறிப்பு. மழுங்கிய வாளை அழுத்துபவர் சமநிலை இழப்பார். தலைக்கவசம், காதுறை, கண்மறைப்பு, கால்காப்பு ஆகியவை அலங்காரமல்ல. இப்பொறியின் ஓசை 100 டெசிபலைக் கடப்பது. அதன் அதிர்வு ஆண்டுக்கணக்கில் விரல்களின் இரத்தவோட்டத்தைக் கெடுப்பது.

வேறொரு மரத்தில் சாய்ந்து தொங்கும் மரத்தின் கீழ் எவரும் செல்லலாகாது. தாங்கும் மரத்தை அறுத்து அதனை விடுவிக்க முயல்வது பெரும்பிழை. இயந்திரத்தாலோ கயிற்றாலோ தொலைவிலிருந்து இழுத்து இறக்குவதே முறை.

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் தோட்டத் தொழிலையும் தழுவியது. கருவியும் கவசமும் பயிற்சியும் அளிப்பது முதலாளியின் கடமை என்பது அதன் கருத்து. குத்தகைக்கு அறுக்கும் வேலையில், எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் விரைவையே நாடுவார். ஒரு மரத்தை நோக்கி நிற்கும் அந்த இரண்டு நிமிடமும் கூலிக்குரிய வேலையே என்று கணக்கிடப்படும் தோட்டத்தில்தான் சட்டம் உயிர்பெறும்.