ஆப்பிரிக்கா போறீங்களா? முதலில் ஊசி!

சென்னை:
பாஸ்போர்ட் ரெடி. விசா ரெடி. டிக்கெட்டும் ரெடி. "அப்புறம் என்ன சார், கிளம்ப வேண்டியதுதானே?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

நைஜீரியா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். இது மஞ்சள் காமாலை அல்ல. கொசு கடித்து வரும் ஆட்கொல்லி நோய். குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு சர்டிபிகேட் தருகிறார்கள். 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. 2016 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும்.

முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"நமக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று சர்டிபிகேட் இல்லாமல் போய்த் திரும்பினால்? விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு அல்ல. 6 நாள் வரை தனி வார்டில் வாசம்தான்!